சோபா வாங்கும் முன் குனிந்து அதன் அடியைப் பாருங்கள்

மும்பையில் சோபா வாங்கப் போகிறவர்கள் துணியைத் தடவிப் பார்க்கிறார்கள், ஒருமுறை உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள், விலை கேட்கிறார்கள். குனிந்து அடியைப் பார்க்கிறவர்கள் குறைவு. இந்த ஊர் ஈரத்தில் சோபாவின் ஆயுளும் உட்காருகிற சுகமும் அந்த அடிப்பக்கத்தில்தான் தீர்மானமாகின்றன. 2021 தீபாவளிக்கு வாங்கிய, மூன்று பேர் உட்காரும் சோபாவோடு பல மழைக்காலங்களைக் கழித்த பிறகு இதை உறுதியாகச் சொல்கிறேன்.

எங்கள் வீடு செம்பூரில், செட்டா நகர் பக்கம், பழைய கட்டடத்தின் முதல் மாடி. ஹாலுக்கு ஒரே ஜன்னல், அதற்கு நேரே ஒரு மரம், நேரடி வெயில் மிகக் குறைவு. ஜூன் இரண்டாம் வாரம் மழை பிடித்தால் அக்டோபர் தொடக்கம் வரை வீட்டுக்குள் எதுவும் முழுசாகக் காயாது. அது முடிந்ததும் அக்டோபர் வெக்கை. ஏசி படுக்கையறையில் மட்டும்தான், ஹாலில் மின்விசிறி. நாள் முழுக்க ஹாலில் ஏசி ஓடுகிற வீடென்றால் நான் எழுதுவதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

முன்பு இருந்தது ரெக்சின் போட்ட சோபா. துடைப்பது சுலபம், அதை மறுக்கவில்லை. ஆனால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தொடையும் முதுகும் நசநசவென்று ஒட்டும். நம் உடம்பு உட்கார்ந்தபடியே வெப்பத்தையும் ஆவியையும் விட்டுக்கொண்டே இருக்கிறது. மேலே சுழலும் மின்விசிறிக் காற்று முன்பக்கத்தில்தான் படும், சோபாவில் அழுந்திய பக்கத்துக்கு எட்டாது. அங்கே பிளாஸ்டிக் படலம் இருந்தால் அந்த ஆவிக்குப் போக வழியில்லை. செயற்கைத் தோல்களில் பாலியூரித்தேன் பூசியது இந்த ஊருக்கு இன்னும் மோசம். ஈரமும் வெப்பமும் சேர்ந்து நாளடைவில் அந்தப் பூச்சின் பிணைப்பையே அறுத்துவிடும், அப்புறம் செதில் செதிலாக உதிரும். யாரும் உட்காராமல் மூடி வைத்திருந்தாலும் உதிரும். மும்பையில் பலர் வீட்டு சோபாவில் தோல் உரிவது இதனால்தான், துடைத்த துணியின் குற்றமில்லை.

அப்படியானால் பருத்தித் துணியா என்றால், அங்கேயும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 65 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். லினன் சுமார் 12. பாலியஸ்டர் அரை சதவீதம்கூடக் கிடையாது. மழைக்காலத்தில் இங்கே ஈரப்பதம் 80-ஐத் தாண்டும், அப்போது கனமான பருத்தி உறை ஜில்லென்று ஈரமாகவே கிடக்கும். பூசணம் பிடிக்க அது போதும். பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது என்பது சரி. ஆனால் இழைக்கும் இழைக்கும் நடுவே இடைவெளி விட்டு நெய்த பாலியஸ்டரில் காற்று போய்வரும், சீக்கிரம் காயும். நாங்கள் எடுத்தது பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த, சணல் போலக் கொரகொரப்பான பெரிய நெசவு. அதன்மேல் வெறும் பருத்தி விரிப்பு ஒன்று. வியர்வையை விரிப்பு வாங்கிக்கொள்ளும், அதை வாரம் ஒருமுறை துவைத்துவிடலாம்.

துணி விஷயத்தில் கடையில் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. சோபாத் துணிகள் பலவற்றுக்கு நூல் பிரியாமல் இருக்கப் பின்பக்கத்தில் மெல்லிய பிசின் பூசியிருப்பார்கள். முன்பக்கம் எவ்வளவு அழகான நெசவாக இருந்தாலும் அந்தப் பூச்சு காற்றை அடைத்துவிடும். மாதிரித் துணியை வாயோடு சேர்த்துப் பிடித்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் மூச்சு பட்டால் எடுக்கலாம். வெல்வெட் வகைகள் பார்க்க ராஜகளையாக இருக்கும், இந்த ஊரில் நான் எடுக்க மாட்டேன். துணி எத்தனை முறை தேய்ப்பதைத் தாங்கும் என்பதற்கு மார்ட்டின்டேல் எண் என்று ஒன்று உண்டு, கேட்டால் சொல்வார்கள். தினமும் உட்காருகிற வீட்டு சோபாவுக்கு 25,000 அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது.

இப்போது அடிக்கு வருகிறேன். வாங்குவதற்கு முன் ஜோகேஷ்வரி ஓஷிவாராவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒவ்வொரு கடையிலும் சோபாவைச் சாய்த்துக் காட்டச் சொன்னேன். சில கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள், சிலர் சந்தோஷமாகவே காட்டினார்கள். அடியில் மூன்று விதம் பார்த்தேன். பிளைவுட் பலகையை அடித்து அதன்மேல் ஃபோமை வைப்பது ஒன்று. செலவு குறைவு, முதலில் திடமாகவும் இருக்கும். ஆனால் கீழிருந்து காற்று வர வழியில்லை, ஃபோமுக்கும் பலகைக்கும் நடுவே ஈரம் தங்கும். பாரத்தை ஃபோம் மட்டுமே தாங்குவதால் சீக்கிரம் குழி விழும். அடுத்தது எலாஸ்டிக் பெல்ட்டைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி இழுத்து அடிப்பது. மூன்றாவது ஜிக்ஜாக் ஸ்பிரிங், வளைந்து வளைந்து போகும் இரும்புக் கம்பி. இரண்டிலுமே காற்று போய்வரும், பாரத்தையும் பங்கிட்டுக்கொள்ளும். கம்பி நீண்ட நாள் தாங்கும், ஆனால் துருப் பிடிக்காத பூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாங்கள் எடுத்தது பெல்ட். நெருக்கமாக, இரண்டு விரல் இடைவெளிக்குள் பின்னியிருந்தார்கள்.

கால்களின் உயரமும் இதில் சேர்த்திதான். தரையோடு படிந்து உட்காரும் சோபாக்கள் இப்போது நாகரிகம். அடியில் துடைப்பமும் போகாது, காற்றும் போகாது. எங்களுடையதற்குக் கால் 6 அங்குலம். சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறோம். மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஓதம் காக்கும், அதோடு ஒட்டி நின்றால் சோபாவின் முதுகில் முதலில் பூசணம் வரும்.

முதுகுப்பக்கம் எங்களுடையது பிரம்புப் பின்னல், சீஷம் மரச் சட்டத்துக்குள் பொருத்தியது. மாஹிம் எல்.ஜே. ரோட்டில் பிரம்புக் கடைகளைப் பார்த்த பிறகுதான் அந்த யோசனை வந்தது. திண்ணையில் பிரம்பு நாற்காலி போட்டிருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அதன் அருமையை விளக்க வேண்டாம். குஷனை எடுத்துவிட்டுச் சாய்ந்தால் முதுகில் நேராகக் காற்று படும். மே மாதத்தில் எங்கள் வீட்டில் அந்த குஷன்கள் பெரும்பாலும் அலமாரிக்குள்தான். மழைக்காலத்தில் பிரம்பு சற்றுத் தளரும். பின்பக்கம் ஈரத் துணியால் நன்றாக நனைத்துக் காயவிட்டால் மறுபடி விறைக்கும்.

ஃபோம் பற்றி விற்பவர்கள் சொல்லும் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' எல்லாம் ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. அது கடினத்தைச் சொல்லாது. எடை கூடிய ஃபோம் மெத்தென்றும் இருக்கலாம், எடை குறைந்தது கல்லாகவும் இருக்கலாம். எவ்வளவு நாள் உருக்குலையாமல் இருக்கும் என்பதற்குத்தான் டென்சிட்டி துப்பு தரும். இதை நீங்களே சோதிக்கலாம். 60 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 12.5 செ.மீ. தடிமன் உள்ள குஷனில் ஃபோம் மட்டும் 40 டென்சிட்டி என்றால் 1.8 கிலோ இருக்க வேண்டும். 28 என்றால் 1.26 கிலோதான். பயணப் பெட்டியின் எடை பார்க்கும் சின்னக் கைத்தராசு போதும். நான் கடைக்கே கொண்டு போனேன். சுண்ணாம்புத் தூள் கலந்து எடை கூட்டிய ஃபோமும் சந்தையில் உண்டு, அதனால் கசக்கியும் பாருங்கள். நல்ல எச்.ஆர். (ஹை ரெசிலியன்ஸ்) ஃபோம் கையை எடுத்த உடனே துள்ளி மேலே வரும். அதன் நுண்துளைகள் திறந்தவை என்பதால் உட்கார்ந்து எழுகிறபோதெல்லாம் காற்று உள்ளே போய் வெளியே வரும். மெமரி ஃபோம் அப்படியில்லை, உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதில் ஜெல் கலந்து குளிர்ச்சி என்று விற்பதும் உட்கார்ந்த சிறிது நேரத்துக்குத்தான், ஜெல்லும் சூடாகிவிடும். நவி மும்பை துர்பேயில் 2020 டிசம்பரில் திறந்த ஐக்கியாவில் சோபாக்களின் பொருள் விவரத்திலேயே ஃபோம் அடர்த்தியைக் குறிப்பிடுகிறார்கள். அங்கே வாங்காவிட்டாலும் அதைப் படித்துவிட்டு மற்ற கடைக்குப் போனால் என்ன கேட்பதென்று தெரியும்.

அளவுதான் எங்கள் வீட்டில் பெரிய விவாதம். அம்மாவுக்கு முழங்கால் வலி. கடையில் தாழ்வான, ஆழமான ஒரு சோபாவில் உட்கார்ந்துவிட்டு, "ஏட்டி, இதுல இருந்து எந்திரிக்க ஒரு ஆளு வேணும்ட்டி, வேற பாரு" என்றாள். மகனுக்கோ கால் மேலே போட்டுச் சம்மணமிட்டு லேப்டாப் வைத்துக்கொள்ள ஆழம் வேண்டும். அம்மா பக்கம்தான் நான் நின்றேன். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் உட்காரும் உயரம் 17, 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. உட்கார்ந்தால் பாதம் தரையில் படிய வேண்டும், முழங்காலுக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கும்போதே முதுகு சாய்மானத்தைத் தொட வேண்டும். எங்களுடையதில் உயரம் 18, ஆழம் 22. சம்மணம் போட முதுகு குஷனை எடுத்துவிட்டால் கூடுதலாக 5 அங்குலம் கிடைக்கிறது, மகனுக்கு அது போதும். கைப்பிடி மரத்தில் இருப்பதால் அம்மா அதை ஊன்றி யார் துணையும் இல்லாமல் எழுந்திருக்கிறாள். இந்த ஒன்றுக்காகவே இதை வாங்கியது தகும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பிரம்பு முதுகு தோள் வரைதான் வருகிறது, தலை சாய்க்க இடமில்லை. இரவு படம் பார்க்கிறபோது என் வீட்டுக்காரர் தலையணை தேடுகிறார். முதுகு குஷனுக்குள் இருப்பது ரெக்ரான் என்கிற பாலியஸ்டர் பஞ்சு, சில மாதங்களிலேயே கீழே இறங்கித் தொந்தி போட்டது. உறையைப் பிரித்து நடுவே இரண்டு தையல் போட்டுப் பஞ்சைப் பிரித்து அடைத்த பிறகு பரவாயில்லை. உறையின் ஜிப் உலோகம், இரண்டாவது மழைக்காலத்தில் துருவேறி இறுகிவிட்டது. அடியில் கறுப்புத் துணியைப் பிடித்திருந்த ஸ்டேப்பிள் பின்களும் துருவேறித் துணி தொங்கியது. இருக்கை ஃபோமில் ஜன்னலோரம் அம்மா உட்காரும் இடத்தின் முன்விளிம்பு இளகியிருக்கிறது. மற்ற இரண்டு குஷன்களையும் மாதம் ஒருமுறை தமக்குள் இடம் மாற்றிப் போடுவதால் அவை ஒரே சீராக இருக்கின்றன.

பூசணம் இதுவரை வரவில்லை. அதற்குச் செய்வது அதிகமில்லை. மழை விட்டு வெயில் தலைகாட்டுகிற நாளில் குஷன்களை ஜன்னல் கிரில்லில் சாய்த்து வைப்பேன். தொடர்ந்து மழை பெய்கிற வாரங்களில் இரவு படுக்கப் போகும்போது குஷன்களை நிமிர்த்தி நிறுத்தி, மேசை விசிறியை அரை மணி நேரம் அடிப்பக்கம் நோக்கி ஓடவிடுவேன். ஈரமாகத் துவைத்த உறையை முழுக்கக் காயாமல் மாட்டுவதில்லை. எண்ணெய்த் தலை படும் இடத்தில் ஈரிழைத் துண்டு.

சோபா வேலைக்கு வரும் காரிகர் ஒருவர் போன வாரம் அடியைத் திறந்து பார்த்தார். சட்டத்தில் புழுவோ ஓதமோ இல்லை, ஜன்னலோர மூலையில் பெல்ட் நான்கு மட்டும் தளர்ந்திருக்கிறது, 40 டென்சிட்டி அடி ஃபோமுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். அந்த நான்கு பெல்ட்டையும், இளகிய குஷனில் மேலே உள்ள ஒரு அங்குல மெது ஃபோமையும் மழைக்கு முன் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன். ஜிப் எல்லாம் இம்முறை பிளாஸ்டிக்கில்.