பொலித்தீன் கொட்டில்: கோப்பாயில் சில வருடம் பாவித்த பிறகு

நாமே கட்டும் பசுமைக்குடில் யாழ்ப்பாணத்துக்குத் தேவையா என்று கேட்கிறார்கள். மாரி மழைக்குத் தேவை, நாற்றுக்குத் தேவை. சித்திரை வெயிலில் பெரும் தொல்லை. எங்களுடையது செம்மண் தறையில் ஜி.ஐ. குழாய் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) நட்டு, 200 மைக்ரோன் பொலித்தீன் போர்த்தி, பக்கமெல்லாம் பூச்சி வலை கட்டிய 20க்கு 30 அடிக் கொட்டில்.

கனடாவில் இருக்கும் மச்சானும் ஒன்று கட்டியிருக்கிறார். அங்கே பனிக்கால இரவில் வெளியே மைனஸ் 10, 15 என்று இறங்கும். உள்ளே கறுப்புப் பீப்பாக்களில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறார். பகலில் வாங்கிய சூட்டை அது இரவில் மெல்ல விடும். 200 லீற்றர் தண்ணீர் 10 பாகை ஆறினால் ஏறக்குறைய 2.3 யூனிற் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வெளிவரும். அந்தக் குளிருக்கு அது மட்டும் காணாது, சுவரில் குமிழ்த்தாள் ஒட்டி ஹீற்றரும் போடுகிறார்.

பீப்பா யோசனை எங்களுக்கும் உதவியது. மார்கழி, தை இரவுகளில் இங்கே 20, 21 பாகை வரை இறங்கும். போர்த்திக்கொண்டு படுக்க அது சுகம்தான், ஆனால் மிளகாய் விதை நன்றாக முளைக்க 25க்கு மேல் வேண்டும். நாற்றுமேடையை ஒட்டிப் பீப்பாக்களை வைத்து, பொழுதுபட்டதும் பக்கத்திரையை இறக்கினோம். முளைப்பு கண்கூடாக விரைந்தது. முழுவதும் மூடிவிடக் கூடாது. விடியப்புறம் பொலித்தீன் உட்பக்கம் வியர்த்து இலையில் சொட்டும், பிறகு பூஞ்சணம்தான். மேலே ஒரு சாண் திறந்து விட்டால் சரி.

மற்ற மாதங்களில் எங்கள் பாடெல்லாம் சூட்டை வெளியேற்றுவதுதான். முகட்டில் நீளவாக்கில் ஒரு வாய் விட்டிருக்கிறோம். சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து அடிப்பதால் வாய் வடகிழக்குப் பக்கம். காற்று கூரையைத் தாண்டும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். வில்லங்கம் ஐப்பசியில் தொடங்கும். அதே வாயால் வாடைக்காற்று மழையை உள்ளே கொண்டுவந்து கொட்டும். அதற்கென்று ஒரு சுருள்திரை போட்டோம், மார்கழி முடியச் சுருட்டிவிடுவோம். கொட்டிலிலேயே அதிகம் பயன்பட்ட பாகம் எது என்றால் அந்தத் திரையைத்தான் சொல்வேன்.

பங்குனியில் கூரைமேல் நீர்த்த சுண்ணாம்பு தெளிக்கிறோம். நிழல் வலையைவிட மலிவு, மாரி மழை தானே கழுவிவிடும். அப்படியிருந்தும் சித்திரை, வைகாசியில் தக்காளி பூக்குமே தவிரப் பிஞ்சு பிடிக்காது. அந்தச் சூட்டில் மகரந்தம் கெட்டுப்போகும். அந்த இரண்டு மாதமும் கொட்டிலைச் சும்மா விடுவதே மேல் என்பது என் எண்ணம், வீட்டில் வேறு அபிப்பிராயம்.

பொலித்தீன் வாங்கும்போது புற ஊதாக் கதிர் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரணமானது வெயிலில் நொறுங்கும். நல்லதும்கூட முதலில் கிழிவது சுடு குழாயில் படும் இடத்தில்தான். குழாய்க்கு வெள்ளை மை பூசினால் கொஞ்சம் தாங்கும்.

இன்னொன்று, கிணற்றுத் தண்ணீர். சுண்ணக்கல் நிலமென்பதால் சொட்டுக்குழாயின் துளைகளில் வெள்ளையாகப் படிந்து அடைக்கிறது. மழை படாத மண்ணில் உப்பும் சேர்கிறது. எங்கள் கூரைக்கு 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறக்குறைய 550 லீற்றர் தண்ணீர் வழியும். வருகிற மாரிக்கு முன் பீலி பூட்டித் தொட்டி வைக்க வேண்டும்.