மங்களூரு மேட்டின் விளிம்பு: மெஷ்ஷைத் திருத்துவதா, பிளெண்டரில் செதுக்குவதா?

மங்களூரு விமான நிலையம் செம்புரைக்கல் மேடு ஒன்றின் தலையில் அமைந்திருக்கிறது. ஓடுபாதை முடிந்த சிறிது தூரத்திலேயே நிலம் பள்ளத்தாக்கில் இறங்கிவிடும். 2010 மே 22 அன்று 2,450 மீட்டர் ஓடுபாதையைத் தாண்டிய விமானம் அந்தப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் உயிரிழந்தனர். ஆகவே எக்ஸ்-பிளேன் என்ற விமான சிமுலேட்டருக்காக இந்நிலையத்தின் சீனரியை, அதாவது காட்சித் தொகுப்பை, செய்யத் தொடங்கியபோது, முனையக் கட்டடத்தைவிட இந்த விளிம்புதான் சரியாக வரவேண்டும் என்று நினைத்தேன். சிமுலேட்டரின் தரையாக அமையும் முக்கோண வலையான மெஷ்ஷையே திருத்துவது, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் பாறையைச் செதுக்கித் தரைமேல் வைப்பது என இரண்டு வழிகளிலும் செய்து பார்த்து, இறுதியில் மெஷ் பக்கம் சாய்ந்தேன்.

விளிம்பை ஏன் தனியாகச் செதுக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உயரத் தரவிலேயே இருக்கிறது. நான் பயன்படுத்திய இலவசத் தரவின் அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள்களில் ரேடாரால் எடுத்த அளவீடு. அதன் நுணுக்கமான பதிப்பிலேயே ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் உண்டு. இந்த நீண்ட ஓடுபாதையோ 2006இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. வெட்டியும் நிரப்பியும் உருவான இறுதி நிலவடிவம் அத்தரவில் இருக்க வழியில்லை. இருந்திருந்தாலும், இரண்டு புள்ளிகளுக்கு இடையில் விழும் சரிவை அது புல்வெளிச் சாய்வாக மழுப்பியிருக்கும்.

பிளெண்டரில் செதுக்குவது கண்ணுக்கு விருந்து என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். செம்புரைக்கல்லின் அடுக்குகள், மழைநீர் அரித்த ஓடைக் கோடுகள், விளிம்புக்கு அடியில் குடைந்த பொந்துகள் எல்லாவற்றையும் தூரிகையால் வருடி எடுக்கலாம். மெஷ்ஷில் பொந்துக்கு இடமே இல்லை, ஏனெனில் ஓரிடத்துக்கு ஓர் உயரம்தான். மேலும், மேலிருந்து எடுத்த படத்தை மெஷ்மீது போர்த்துவதால், 70 பாகைச் சரிவில் அந்தப் படம் ஏறத்தாழ மூன்று மடங்கு இழுபட்டு, பாறை வழித்த சாயம்போலத் தெரிகிறது. அழகு ஒன்றே அளவுகோல் என்றால் பிளெண்டர்தான் வெல்லும்.

என் முடிவை மாற்றியது பராமரிப்பு. எக்ஸ்-பிளேனில் இப்படிச் செதுக்கி வைக்கும் முப்பரிமாண மாதிரி தன் மையப்புள்ளி ஒன்றை வைத்துத்தான் தரையில் நிற்கிறது. 300 மீட்டர் நீளமுள்ள என் பாறைச் சுவரின் மற்ற ஓரங்களுக்குக் கீழே தரை எப்படி இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. முதல் பதிப்பில் ஓரங்களை மண்ணுக்குள் புதைத்து ஒருவழியாகப் பொருத்தினேன். இரண்டு மாதம் கழித்து, வேறு காரணத்துக்காக எக்ஸ்-பிளேனுக்குத் தரையை உருவாக்கும் ஆர்த்தோ4எக்ஸ்பி கருவியில் அந்த டைலை (தரையின் ஒரு துண்டை) மறுபடி உருவாக்கியபோது தரை இடத்துக்கு இடம் ஓரிரு மீட்டர் மாறியது. சுவரின் கிழக்கு முனை அலமாரிப் பலகைபோல அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது, மேற்கு முனையில் பாதிப் பாறை மண்ணுக்குள் போயிருந்தது. கடல்மட்ட உயரத்தைக் கொடுத்து நிறுத்தினாலும் இதே கதைதான், ஏனெனில் அசைவது தரை. தரை மாறும்போதெல்லாம் மாதிரியைத் திறந்து, ஓரங்களை வெட்டி, மறுபடி ஏற்றுமதி செய்ய வேண்டும். பயன்படுத்துவோர் ஒவ்வொருவரிடமும் வேறொரு தரை இருந்தால் அதற்கு முடிவே கிடையாது.

ஆர்த்தோ4எக்ஸ்பி ஏற்கும் பேட்ச் கோப்பில், அதாவது மெஷ்ஷுக்கான திருத்தங்களைச் சொல்லும் கோப்பில், இந்தத் தொல்லை இல்லை. ஜேஓஎஸ்எம் வரைபடக் கருவியில் மேட்டின் விளிம்பை ஒரு கோடாகவும், சரிவின் அடியை இன்னொரு கோடாகவும் வரைந்து, அவற்றுக்கு உயரங்களைக் கொடுத்துவிட்டால், டைலை உருவாக்கும்போது முக்கோணங்கள் அந்தக் கோடுகளை ஒட்டியே அமைகின்றன. கோப்பு சில கிலோபைட்தான். டைலை எத்தனை முறை மறுபடி உருவாக்கினாலும் விளிம்பு சொன்ன இடத்தில் நிற்கிறது. ஓர் உயரம் தவறென்று தெரிந்தால் ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். சுற்றியுள்ள மரங்களும் சாலைகளும் புதிய தரையைத் தாமாகவே பின்பற்றுகின்றன. இறங்கும்போது பள்ளத்தாக்கின்மேல் பெரிய எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும் ரேடியோ உயரமானி, விளிம்பைத் தாண்டியதும் சடாரென்று சரிவதும் இப்போது நம்பும்படி இருக்கிறது; அந்த ஒரு நொடிக்காகவே இத்தனை உழைப்பும் தகும் என்பேன்.

குறை இல்லாமலில்லை. ஒரு பாகைக்கு ஒரு பாகை பரப்புள்ள டைலுக்கு ஓர் அடிப்படை மெஷ்தான் செல்லும். மற்றொருவர் செய்த மெஷ் முன்னுரிமை பெற்றால் நம் விளிம்பு மறைந்துவிடும். பேட்ச்சைப் பெறுபவர் மங்களூரு அடங்கிய +12+074 டைலைத் தாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும்; புதியவருக்கு இது சுமைதான். விமான நிலையத் தரையை வெறுமனே தட்டையாக்கும் வசதியை மட்டும் நம்பும் மூன்றாவது வழியும் உண்டு என்றாலும், மேட்டின் விளிம்பை அது உருவாக்கித் தராது என்பதால் மேலும் பேசவில்லை. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் இரண்டு மாலைப்பொழுதுகள் மட்டுமே தரையைத் திருத்திப் பார்த்திருக்கிறேன்; ஆகையால் இக்கணக்கை அங்கே அப்படியே பொருத்த வேண்டாம்.

பிளெண்டர் மாதிரியை முழுவதும் தூக்கி எறிந்துவிடவில்லை. அந்த நீண்ட சுவரை ஐந்தாறு மீட்டர் அகலமுள்ள துண்டுகளாக வெட்டி, படம் மிக மோசமாக இழுபட்ட இடங்களில் மட்டும் பாதி புதைத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் சிறியது என்பதால், தரை ஓரடி ஏறி இறங்கினாலும் வெளியே தெரிவதில்லை.