கல் மறுபடி வராமலிருக்க: பார்லியா, பொல்பலாவா, செவ்விளநீரா, தேசிக்காய்த் தண்ணீரா?

எனக்கு வந்தது கால்சியம் ஒக்சலேட் கல். கிட்னியில் கல் வருபவர்களில் பெரும்பாலானோருக்கு வருவதும் இந்த வகைதான். ஒருமுறை வந்தால் மறுபடி வர நிறையவே வாய்ப்பு இருக்கிறது என்று டொக்டர் சொன்னதும், இனி தினமும் என்ன குடிப்பது என்பதே வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்ஸிலேயே ஆளுக்கொன்று சொன்னார்கள்: பார்லி, பொல்பலா, செவ்விளநீர், தேசிக்காய்த் தண்ணீர். நாலையும் குடித்துப் பார்த்தேன். இன்று நான் நிற்பது வெறும் தண்ணீரில்தான், அதில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். "தம்பி, பார்லி அவிச்சுக் குடியுங்கோ, கல்லு கரைஞ்சு போகும்" என்று மேல்வீட்டு மாமி அக்கறையோடு சொன்னார். கால்சியம் ஒக்சலேட் கல் உருவாகிவிட்டால் எந்தப் பானமும் அதைக் கரைக்காது. சின்னதென்றால் தானாக வெளியே வரும். பெரிதென்றால் டொக்டர்தான் உடைத்தோ எடுத்தோ விட வேண்டும். ஆகவே இங்கே பேசுவது புதிய கல் வராமல் தடுப்பதைப் பற்றி மட்டும். சிறுநீரில் கால்சியமும், சில கீரை, காய்களில் அதிகமாக இருக்கும் ஒக்சலேட் என்ற பொருளும் செறிந்து படிகமாவதுதான் இந்தக் கல். சிறுநீரின் அளவு கூடினால் செறிவு குறையும். சிட்ரேட் என்ற பொருள் கூடினால் படிகம் சேர்வது தடைப்படும். இந்த இரண்டையும் எது கூடச் செய்கிறது, அதைவிட முக்கியமாக, எதை வருடக்கணக்கில் விடாமல் செய்ய முடியும் என்பதே என் கேள்வி.

பார்லியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வீட்டில் அவித்தது என்றால் குறை ஒன்றுமில்லை, அதில் வேலை செய்வது பெரும்பாலும் தண்ணீர்தான். ஆனால் கொழும்பு வெக்கையில் காலையில் அவித்தது பின்னேரத்துக்குள் புளித்துப்போகும். கடையில் சீனி போட்டுப் போத்தலில் விற்பதை இந்த நோக்கத்துக்கு வாங்க வேண்டாம். இனிப்புப் பானங்கள் கல் வரும் அபாயத்தைக் கூட்டுகின்றன.

பொல்பலா, அதாவது நம்மவர்கள் தேங்காய்ப்பூக்கீரை, சிறுபீளை என்று சொல்லும் செடி, இங்கே சூப்பர்மார்க்கெட்டில் தேயிலைப் பைபோலவே கிடைக்கிறது. சிறுநீர் நன்றாகப் போக வைக்கும் என்பது நம் ஊர் வைத்தியத்தில் பழைய நம்பிக்கை. நான் சில வாரம்தான் குடித்தேன், ஆகவே நீண்டகாலப் பலனைப் பற்றி என் வார்த்தையை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். நிறுத்தியதற்குக் காரணம், ஒக்சலேட் கல் வந்த ஒருவர் இலைச்சாறு, காய்ச்சாறு எதையும் தினசரிப் பழக்கமாக்குமுன் டொக்டரிடம் கேட்பது நல்லது என்பதுதான். காமரங்காயிலும் பிலிம்பிக்காயிலும் ஒக்சலேட் மிக அதிகம். காமரங்காயால் சிறுநீரகம் பழுதான நோயாளிகளைப் பற்றி இலங்கை வைத்தியர்களே 2015இல் எழுதியிருக்கிறார்கள். இயற்கையானது என்பதற்காக அளவில்லாமல் குடிக்கலாம் என்று ஆகாது.

செவ்விளநீர் எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். காலி வீதியோரம் குலையோடு தொங்கவிட்டு, கேட்டதும் சீவித் தருவார்கள். ஆரோக்கியமான சிலரை வைத்து நடந்த ஒரு சிறிய ஆய்வில், இளநீர் குடித்தபோது சிறுநீரில் சிட்ரேட்டும் பொட்டாசியமும் கூடின. நாலில் ருசியும் குணமும் சேர்ந்தது இதுதான். ஆனால் ஒரு நாளைக்குத் தேவையான அளவை இதிலேயே குடிக்க எந்தச் சம்பளக்காரராலும் முடியாது. இன்னொன்று: சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானவர்களுக்கு இதிலுள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். அவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. வெயிலில் அலைந்த நாளில் ஒன்று குடிப்பேன், அவ்வளவுதான்.

இனித் தண்ணீர். இத்தாலியில் 199 நோயாளிகளை 5 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 1996இல் வெளிவந்தது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்ன குழுவில் 12 பேருக்கு மறுபடி கல் வந்தது. அப்படிச் சொல்லப்படாத குழுவில் 27 பேருக்கு. மருந்து இல்லை, மூலிகை இல்லை, குழாய்த் தண்ணீர் போதும். இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் வேறொன்றை நான் காணவில்லை.

தேசிக்காயை நான் சேர்ப்பது சிட்ரேட்டுக்காக. அதன் பலனைக் கூட்டிச் சொல்ல விரும்பவில்லை. 2022இல் வெளிவந்த இன்னொரு இத்தாலிய ஆய்வில் 203 பேர் கலந்துகொண்டார்கள். அதில் பாதிப்பேர் லெமன் பழச்சாறு 60 மில்லிலீற்றர் வீதம் தினம் இரண்டு தரம் குடிக்க வேண்டும். முதல் வருடம் கல் திரும்புவது நன்றாகக் குறைந்தது. இரண்டாம் வருடம் முடியும்போது சொன்னபடி குடித்துக்கொண்டிருந்தவர்கள் பாதி அளவுக்கு வந்துவிட்டார்கள், பலனும் உறுதியாகச் சொல்ல முடியாதபடி மங்கிப்போனது. நான் போத்தலுக்குப் பிழிவது ஒரு தேசிக்காயில் பாதி. அந்த ஆய்வின் அளவோடு பார்த்தால் கொஞ்சம்தான். ஆனால் அந்தப் புளிப்பு இருந்தால் எனக்குத் தண்ணீர் இறங்குகிறது. உப்பும் சீனியும் போடுவதில்லை.

ஆகக் கடைசியில் எல்லாம் வந்து நிற்பது விடாமல் தொடர்வதில். 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு லேப்பில் ஒரு பெரிய கான் தந்தார்கள். வேலைநாள் ஒன்றில் சேர்த்துக் கொடுத்தபோது ஒரு லீற்றரைக் கொஞ்சம் தாண்டித்தான் நின்றது. வேண்டியது ஏறத்தாழ 2.5 லீற்றர். கொழும்பில் புழுங்கும் பஸ்ஸில் நின்று வந்து, புறக்கோட்டை வெயிலில் நடப்பவருக்கு வியர்வையிலேயே பாதி போய்விடுகிறது. அந்த 2.5 வர 3 லீற்றருக்கு மேல் குடிக்க வேண்டும்.

அப்படிக் குடித்தால் எங்கே போவது? தண்ணீர் குடியுங்கள் என்று சொல்கிற யாரும் இதைப் பேசுவதில்லை. புறக்கோட்டைக் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்கள் ஒழுங்கான கழிப்பறை இல்லை என்பதற்காகவே தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் கல் வராமலிருக்க முதலில் செய்ய வேண்டியது, முதலாளி ஒரு சுத்தமான கழிப்பறையைத் திறந்து கொடுப்பது. எனக்கு அலுவலகத்தில் அந்த வசதி இருப்பதால் நேரத்தைப் பிரித்துக்கொண்டேன். எழுந்ததும் இரண்டு கிளாஸ். பஸ் ஏறுமுன் நிறுத்திவிடுவேன். அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் மேசையில் போத்தல். பின்னேரம் வீடு வந்ததும் மறுபடி. படுக்கும்போது ஒரு கிளாஸ், ஏனென்றால் இரவில்தான் சிறுநீர் அதிகம் செறிகிறது. இடையில் ஒருமுறை எழும்ப வேண்டிவரும், சரி, எழும்பலாம். அளக்க வேண்டியதுகூட இல்லை, நிறம் வெளுத்திருந்தால் போதும். இதயம் பலவீனமானவர்களும், தண்ணீரைக் குறைக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர்களும் இந்தக் கணக்கைப் பின்பற்றக் கூடாது.

சாப்பாட்டில் உப்பைக் குறைக்க வேண்டும். உப்புக் கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். கருவாடு, மாசி, ஊறுகாய், மிக்சர் எல்லாம் கணக்கில் வரும். பாலையும் தயிரையும் விட்டுவிடாதீர்கள். கால்சியக் கல் என்றதும் பலர் முதலில் செய்வது அதுதான். 2002இல் வந்த ஆய்வில், கால்சியத்தைக் குறைத்தவர்களைவிட, வழக்கமான கால்சியத்தோடு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கே கல் குறைவாகத் திரும்பியது. சோற்றோடு தயிர் சேர்ந்தால் கால்சியம் குடலிலேயே ஒக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும். பசளிக்கீரை வைக்கிற நாளில் அவித்த தண்ணீரை வீட்டில் ஊற்றிவிடுகிறோம், பக்கத்தில் தயிர் இருக்கும்.

கல் வெளியே வந்தால் எறிந்துவிட வேண்டாம். சின்னப் போத்தலில் போட்டு டொக்டரிடம் கொடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். யூரிக் அமிலக் கல் என்று வந்தால் கதை மாறும். சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தால் அந்த வகையைக் கரைக்கவே முடியும், அதற்குத் தேசிக்காய்த் தண்ணீரை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.