பவுச்சுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆவி வருகிறது

நியாயமாக எழுத வேண்டும் என்பதால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். போனைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் இந்த வாட்டர்புரூஃப் பவுச்சு வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை வெளித்தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கியதில்லை. குற்றாலம் மெயின் அருவியில் நனைந்திருக்கிறது, ஐந்தருவிக் கூட்டத்தில் நசுங்கியிருக்கிறது, புதுச்சேரிக் கடலில் அலை புரட்டியிருக்கிறது, ஐப்பசி கார்த்திகையில் சென்னை மழையில் வண்டி ஹேண்டில்பாரில் தொங்கியிருக்கிறது. போன் இன்னும் அதே போன்தான், ரிப்பேர் என்று ஒரு கடைப் படி ஏறியதில்லை. ஆனாலும் இந்தச் சீசனில் குற்றாலம் போய்த் திரும்பி, எடுத்த படங்களை உட்கார்ந்து பார்த்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. என் பையன் முதல்தடவையாகப் பயப்படாமல் அருவிக்குள் தலையைக் கொடுத்தான். அதைப் பிடிக்கத்தான் போனையே கொண்டுபோனேன். படத்தில் அவன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பால் கொட்டிய மாதிரி ஒரு வெள்ளைப் படலம்.

அந்தப் படலம் வெளியே இல்லை, பவுச்சின் உள்பக்கத்தில். விரலால் எத்தனை தேய்த்தாலும் போகாது. பக்கத்தில் நின்ற ஒருவர் பார்த்துவிட்டு "ஓட்டை விழுந்துருச்சு சார், தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்றார். நிறையப் பேர் அப்படித்தான் நினைத்து நல்ல பவுச்சைக் கழித்துவிட்டு, அடுத்ததை வாங்கி, அதிலும் இதே கதையைப் பார்க்கிறார்கள். ஓட்டை இல்லை. வந்த தண்ணீர் அருவித் தண்ணீர் இல்லை, பூட்டும்போது நாமே உள்ளே அடைத்த காற்றில் இருந்தது.

கணக்கு ரொம்பச் சின்னது. வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊரில் இது சாதாரணம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேல் அது பட்டாலும் ஆவி நீராகப் படியத் தொடங்கிவிடும். அருவித் தண்ணீர் அதைவிடச் சில்லென்றுதான் இருக்கிறது. அது வெளியே கொட்டக் கொட்ட பிளாஸ்டிக் குளிர்கிறது, உள்ளே இருக்கும் ஆவி அதன் உள்பக்கத்தில் படிகிறது. பவுச்சுக்குள் 100 மில்லி காற்று இருந்தால் அதில் உள்ள தண்ணீர் மொத்தமே 2.4 மில்லிகிராம், ஒரு சொட்டில் இருபதில் ஒரு பங்குகூடக் கிடையாது. போனுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் லென்ஸுக்கு முன்னால் அது போதும்.

அதுவும் சரியாக லென்ஸுக்கு முன்னால்தான் வந்து உட்காரும். உற்றுப் பார்த்தால் காரணம் தெரிகிறது. போனின் முதுகு பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் காற்றே இல்லை, படலமும் இல்லை, பளிச்சென்று இருக்கும். இப்போதைய போன்களில் கேமரா மேடு துருத்திக்கொண்டு நிற்கிறதே, அதைச் சுற்றிப் பவுச்சின் பிளாஸ்டிக் தோல் ஒட்டாமல் ஒரு சின்னக் கூடாரம் விழுகிறது. காற்று தங்குவது அங்கே. ஆவி படிவதும் அங்கே.

சரி, திறந்து துடைத்துவிட்டு மறுபடி பூட்டலாம் என்று யாருக்கும் தோன்றும். அருவிக்கரையில் அதைச் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும். சாரல் காலத்தில் அங்கே காற்றே நனைந்துதான் இருக்கிறது, கை ஈரம், துண்டு ஈரம், தலையிலிருந்து வேறு சொட்டுகிறது. முன்னால் இருந்ததைவிட அதிக ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவோம், ஐந்து நிமிஷத்தில் முழுப் பவுச்சும் வெளுத்துவிடும்.

இதற்கு வழி இருக்கிறது, அதுவும் செலவில்லாத வழி. என் கோபமே அதனால்தான் அதிகம். ரூமிலோ காரிலோ ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது, போனையும் வாய் திறந்த பவுச்சையும் ஒரு பத்துப் பதினைந்து நிமிஷம் சும்மா வைத்துவிட்டு, அங்கேயே பூட்ட வேண்டும். ஏசி காற்றை உலர்த்தித்தான் தள்ளுகிறது. 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை அடைத்தால் பிளாஸ்டிக் 13 டிகிரிக்கு இறங்கினால்தான் ஆவி படியும். குற்றாலத் தண்ணீர் எவ்வளவு நடுக்கினாலும் 13 டிகிரி கிடையாது. பூட்டும்போது உள்ளங்கையால் அழுத்திக் காற்றை முடிந்தவரை வெளியேற்றிவிட்டால் இன்னும் நல்லது, ஆனால் காற்றில்லாத பவுச்சு மிதக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏசி இல்லையென்றால் மாத்திரை டப்பாவிலும் செருப்பு அட்டைப்பெட்டியிலும் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கேமராவை மறைக்காமல் அடிப்பக்கம் போடலாம். காற்று ஈரமாக இருந்தால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், பவுச்சுக் காற்றில் இருப்பதைப் போல நூறு மடங்கு தாங்கும். மேசை மேல் மாதக்கணக்கில் கிடந்த பொட்டலம் ஏற்கெனவே குடித்து முடித்திருக்கும், மூடிய டப்பாவில் வைத்திருந்ததுதான் வேலை செய்யும். போட்ட உடனேயும் வேலை செய்யாது, முந்தின நாள் ராத்திரியே போட்டுப் பூட்டிவிடுங்கள்.

இதன் தலைகீழும் ஒன்று நடக்கும், பயப்பட வேண்டாம். ஏசியில் குளிர்ந்த போனை வெளியே எடுத்ததும் பவுச்சின் வெளிப்பக்கம் ஆவி படியும். அது துடைத்தால் போகும், துடைக்காவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானே போய்விடும்.

இவ்வளவையும் தயாரிப்பவர் அட்டையில் எழுத இரண்டு வரி போதும், ஒரு பொட்டலம் போட ஒன்றிரண்டு ரூபாய் போதும். என் பவுச்சு வந்த அட்டையில் என்ன இருக்கிறது? 100 அடி ஆழம் என்று கொட்டை எழுத்தில் போட்டு, நீச்சல்வீரர் படம். 100 அடி ஆழத்துக்கு இதை எடுத்துக்கொண்டு யார் போகப்போகிறார்கள்? போகிற எல்லாருக்கும் நடப்பது ஆவி படிவது, அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. வாங்குகிறவனுக்குத் தேவையான ஒரே தகவலை விட்டுவிட்டுத் தேவையில்லாததைப் பெரிதாகப் போடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அதே அட்டையில் இருக்கும் ஐபிஎக்ஸ்8 என்ற முத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நிற்கிற தண்ணீரில் முக்கி வைத்துப் பார்க்கிற சோதனை. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம், 8 என்றால் அதைவிடக் கடுமையாக, தயாரிப்பவர் சொல்கிற ஆழத்துக்கும் நேரத்துக்கும். பீய்ச்சி அடிக்கிற தண்ணீருக்கு 5, 6 என்று தனிச் சோதனைகள் இருக்கின்றன. 8 வாங்கியது 5, 6 இரண்டையும் தாண்டிவிட்டது என்று அர்த்தமில்லை, தாண்டியிருந்தால் அதையும் சேர்த்து அச்சடித்திருப்பார்கள். மெயின் அருவிக்கு நேர் கீழே நிற்பது வாளித் தண்ணீரில் முக்குவது மாதிரியே கிடையாது. என் பவுச்சு அதையும் தாங்கியது, அது வாயைப் பூட்டும் கிளிப்பின் நல்ல குணம். எல்லாப் பவுச்சும் தாங்கும் என்று சொல்ல மாட்டேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். முதலாவது தோல். இதற்கு முன்னால் வைத்திருந்தது பிவிசி, நாள்பட நாள்பட விறைத்து, மஞ்சளித்து, கிளிப்புக்குக் கீழே மடிப்பிலேயே கீறிவிட்டது. பிவிசியைக் குழைவாக வைக்கச் சேர்க்கும் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுவதால் வருகிற வியாதி அது, எந்தக் கடையில் வாங்கினாலும் வரும். இப்போது இருப்பது டிபியு என்ற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக், லேசாக மஞ்சளித்தாலும் இன்னும் குழைவாக இருக்கிறது. இரண்டாவது வாய். இரண்டு பக்கமும் குமிழைத் திருகிப் பூட்டும் கெட்டிக் கிளிப்பை எடுங்கள், பூட்டியதா இல்லையா என்று கண்ணால் பார்த்தே தெரியும். மடித்து ஒட்டும் ரகத்தில் ஒரு மணல் துகள் மாட்டினாலும் நமக்குத் தெரியாது. வாங்கிய அன்றே போனுக்குப் பதிலாக டிஷ்யூ பேப்பரும் கனத்துக்கு ஒரு கல்லும் போட்டு அரைமணி நேரம் வாளியில் அமுக்கி வையுங்கள். ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் இதைச் செய்துவிட்டுத்தான் போனை வைக்கிறேன்.

அந்தமான் போகிற நண்பன் ஒருவன் இதை வாங்கலாமா என்று கேட்டதால்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன். அவனிடம் வாங்கு என்றுதான் சொன்னேன். அங்கே கடல்தண்ணீர் வெதுவெதுப்பு, குற்றாலம் அளவுக்கு ஆவித் தொல்லை இருக்காது. அங்கே தொல்லை வேறு. தண்ணீருக்குள் போனால் தொடுதிரை வேலை செய்யாது, ஏனென்றால் விரலின் மின்தன்மையை வைத்துத்தான் திரை தொடுதலை அறிகிறது, சுற்றிலும் உப்புத்தண்ணீர் இருந்தால் அதற்கு எது விரல் என்றே தெரியாது. கேமராவைக் கரையிலேயே திறந்துவைத்து, ஒலி கூட்டும் பட்டனை அமுக்கிப் படம் எடுக்க வேண்டும். படகில் வெயிலில் போட்டு வைத்தால் உள்ளே போன் கொதிக்கும், துண்டுக்கு அடியில் வைக்கச் சொன்னேன். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் குமிழைத் திருகித் திருகி அலச வேண்டும், உப்பு காய்ந்தால் அங்கேதான் பிடித்துக்கொள்ளும்.

மழையில் வண்டி ஓட்டுவதற்கு வாங்க நினைப்பவர்களுக்கு மட்டும் வேண்டாம் என்பேன். திரை மேல் விழும் ஒவ்வொரு துளியும் ஒரு விரல், மேப் தானே பெரிதாகிச் சிறிதாகி எங்கோ போய்விடும். கைரேகை எடுக்காது. பெட்ரோல் பங்கில் க்யூஆர் ஸ்கேன் பண்ணப் பார்த்தால் அங்கேயும் ஆவி. மழையில் போன் சட்டைப்பைக்குள், கோட்டுக்கு அடியில் இருப்பதுதான் அதற்கும் நமக்கும் நல்லது. கால் பேசுவது மட்டும் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது, தோல் மெலிதாக இருப்பதால் குரல் கொஞ்சம் அமுங்கினாலும் தெளிவாகவே கேட்கிறது.

மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். தண்ணீரைத் தடுத்ததற்கு ஐந்து போட வேண்டியதுதான், தெரியும். ஆனால் பையனுடைய அந்தப் படம் திரும்ப வராது, அட்டையில் இரண்டு வரி இருந்திருந்தால் வந்திருக்கும். அடுத்த சீசனுக்கும் இதையேதான் கொண்டுபோவேன், தங்குகிற லாட்ஜில் ஏசி ரூமாகச் சொல்லிவிட்டு.