ஊழிய அழைப்பு இருப்பவர்களுக்கான மஞ்சக்குப்பம் சனிக்கிழமை வகுப்பு

கம்பெனி வேலையை விட்டுவிட்டு கடவுள் அழைக்கிறார் என்று முழுநேர ஊழியத்துக்கு, அதாவது சபைப் பணிக்கு, போயே தீருவேன் என்று துடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கிறிஸ்தவ சபை நடத்தும் இந்த வகுப்பில் சேர்ந்தேன், ஆறு மாதம், கட்டணம் கிடையாது. முதல் நாள் வகுப்பெடுக்கும் ஐயா வேதாகமத்தையே திறக்கவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்து, "தம்பி, வாடகை, பிள்ளை ஃபீஸ், கடன் எல்லாம் எழுதுங்க, அப்புறம் அழைப்பைப் பத்திப் பேசலாம்" என்றார். சுருக்கென்றது. கொரிந்துவில் அப்போஸ்தலர் பவுல் ஊழியத்தோடு கூடாரம் செய்து பிழைத்ததையும், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரைக் கண்காணியாக (சபையை நடத்துபவராக) வைக்கக் கூடாது என்று 1 தீமோத்தேயு 3-ல் இருப்பதையும் வைத்தே இரண்டு வாரம் ஓட்டினார்.

ஆஸ்பத்திரி சந்திப்புக்கும் கூட்டிப்போனார். நோயாளி பக்கத்தில் நீளமாக ஜெபித்தேன், வெளியே வந்ததும் "அவருக்கு மூச்சு வாங்குது, நீங்க பிரசங்கம் பண்ணிட்டீங்களே" என்றார். இதை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது.

குறை என்றால், ஆறு மணி வகுப்பு ஆறே முக்காலுக்குத்தான் ஆரம்பிக்கும். மனைவிமாரைக் கடைசி மாதம்தான் கூப்பிடுகிறார்கள், சண்டையே வீட்டில்தானே சார், முதலிலேயே கூப்பிட வேண்டாமா? வேதாகமக் கல்லூரிக்கு இது மாற்று இல்லை, அதற்கு முன்னால் போகிற இடம். நான் இன்னும் வேலையை விடவில்லை, ஞாயிறு பள்ளி எடுக்கிறேன்.