மீசெட் கார்புரேட்டர்: கழுவுவதா, புதிது மாட்டுவதா?

மழை பிடித்துக்கொண்டால், ரங்கூன் பக்கத்துத் தன்லினில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் மீசெட்டுகள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். ஜெனரேட்டரை இங்கே தமிழாட்களும் பர்மியப் பெயராலேயே மீசெட் என்கிறோம். எல்லோரும் சொல்வது கிட்டத்தட்ட ஒரே குறைதான். "ஸ்டார்ட் ஆகுதுண்ணே, ஆனா ஏறி ஏறி இறங்குது. பல்பு மினுக்கு மினுக்குன்னு அடிக்குது." அடுத்த கேள்வியும் கூடவே வரும்: "புது காப்ரேட்டர் வாங்கி மாட்டிடலாமா?" பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரைத்தான் சொல்கிறார்கள்.

வழிகள் மூன்று. கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரே அடித்துப் பார்ப்பது, முழுக்கக் கழற்றிக் கழுவுவது, புதிதாக மாற்றுவது. நான் பேசுவது 168எஃப் வகை இன்ஜின் உள்ள சிறிய பெட்ரோல் மீசெட்டுகளைப் பற்றி. கடைகளிலும் வீடுகளிலும் அதிகம் ஓடுவது இவைதான். வயலில் தண்ணீர் இறைக்கும் பம்புகளிலும் இதே இன்ஜின் இருக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன், உள்ளே நடப்பது தெரிய வேண்டும். கார்புரேட்டரின் நடுவே ஒரு குழாய், அதன் இடையில் ஓர் ஒடுங்கிய தொண்டை. இன்ஜின் இழுக்கும் காற்று அந்தத் தொண்டையில் வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் அழுத்தம் குறையாமல் இருப்பதால், அது பெட்ரோலை ஜெட் எனும் சின்னத் துண்டின் துளை வழியாக மேலே தள்ளுகிறது. கிண்ணத்துக்குக் காற்று வரும் வழி அடைத்துவிட்டால் ஜெட் எவ்வளவு சுத்தமாக இருந்தும் இன்ஜின் நின்றுபோவது இதனால்தான். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காப்பது ஒரு மிதவையும் ஊசியும். தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை அடைக்கிறதே, அதே வேலை.

ஜெட்டுகள் இரண்டு. பெரியது பாரம் ஏறும்போது. சிறியது, பைலட் ஜெட், பாரம் குறைந்தபோது. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதற்காக இந்த இன்ஜின்களை நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்றில் பிடித்து வைத்திருப்பது கவர்னர். ஒரு பல்பும் ஒரு விசிறியும் மட்டும் ஓடினால் இன்ஜினுக்குப் போகும் கலவையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். பெட்ரோல் பெரும்பாலும் பைலட் ஜெட் வழியாகத்தான் வர வேண்டும். அதன் துளை அரை மில்லிமீட்டரைக்கூட எட்டாது. பழைய பெட்ரோல் பசையாகிப் படிந்தால் முதலில் அடைபடுவது அதுதான். பெட்ரோல் போதாமல் சுற்று குறையும், கவர்னர் திராட்டிலைத் திறக்கும், பெரிய ஜெட் கொடுக்கும், சுற்று ஏறும், கவர்னர் மறுபடி மூடும். ஏறி ஏறி இறங்குவது இதுதான். இஸ்திரிப் பெட்டி போன்ற நல்ல பாரம் கொடுத்ததும் அடங்கிவிட்டால் முதலில் பைலட் ஜெட்டைப் பாருங்கள்.

ஒரு ஸ்பேனரும் எடுக்காமல் செய்யக்கூடிய சோதனை இன்னொன்று. ஓடும்போது, காற்று வழியை அடைக்கும் தகடான சோக்கைப் பாதி மூடுங்கள். ஓட்டம் சீரானால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஜெட் அடைத்திருக்கும், அல்லது கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இடைவெளியை அடைக்கும் மெல்லிய தாளான கேஸ்கட் விட்டுக் காற்று புகுந்திருக்கும். கறுப்புப் புகை வந்து இன்னும் மோசமானால் கதை வேறு. ஏர் பில்டர் அடைத்திருக்கலாம், அல்லது ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் வழியலாம்.

இனி ஸ்பிரே. பத்து நிமிட வேலை. சோக்கும் திராட்டிலும் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் நன்றாகக் கேட்கும். அதற்கு மேல் நான் அதை நம்புவதில்லை. பைலட் ஜெட், ஐடில் திருகுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. கார்புரேட்டரின் வாயில் அடிக்கும் ஸ்பிரே அங்கே போய்ச் சேராது. கிண்ணத்தின் அடியில் கிடக்கும் தண்ணீரையும் துருவையும் அது தொடவே தொடாது. சில நேரம் பக்கத்தில் ஒட்டியிருந்த தூசியைப் பெயர்த்து ஜெட்டில் கொண்டுபோய் வைத்துவிடும்.

கழற்றிக் கழுவுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். நான் முதலில் நம்புவது இதைத்தான். பெட்ரோல் வால்வை மூடிவிட்டுக் கிண்ணத்தில் இருப்பதை ஒரு கண்ணாடிச் சீசாவில் வடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் முத்து முத்தாகத் தனியே நிற்கும். துரு மண்போலத் தங்கும். தெருவோரம் பாட்டிலில் வாங்கும் பெட்ரோல், மழைக்கால ஈரம், பாதி காலியான டாங்க் என்று மூலகாரணம் அந்தச் சீசாவிலேயே தெரிந்துவிடும். பிறகு ஏர் பில்டர், கார்புரேட்டர் நட்டுகள். பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனர் ஒன்றே போதும். கவர்னரிலிருந்து வரும் கம்பியும் மெல்லிய ஸ்பிரிங்கும் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ்கட்டுகள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்பதையும் சேர்த்து எடுங்கள். திருப்பி வைத்தால் காற்று வழியை அது அடைத்துவிடும்.

பெரிய ஜெட்டைக் கழற்ற, அதன் தலையில் வெட்டியிருக்கும் காடிக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். பித்தளை மெத்தென்றது, காடி போய்விட்டால் வெளியே எடுக்கவே முடியாது. ஜெட் வந்ததும், பக்கவாட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள் உள்ள குழல் ஒன்று அதன் பின்னாலேயே விழும். அந்த ஓட்டைகளையும் விடாதீர்கள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: வட்டமாக வெளிச்சம் தெரிந்தால்தான் சுத்தம். அடைப்பை எடுக்க மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பி போதும். எஃகு ஊசி விட்டால் துளை பெரிதாகி, அந்த ஜெட் அன்றோடு கெட்டது. கடைசியில் டயர் கடையில் காற்றடித்து வாங்குங்கள். இந்த வேலையெல்லாம் வெளியில், அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் எட்ட.

புதிது மாட்டுவதில் உண்மையான நன்மைகள் உண்டு. அரை மணியில் வேலை முடியும், ஊசியும் ரப்பரும் எல்லாமே புதிது. ஆனால் 168எஃப் என்று எழுதியிருப்பதால் மட்டும் பொருந்திவிடாது. 163 சிசி இன்ஜினுக்கும் 196 சிசிக்கும் கார்புரேட்டர் வெளியே ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே ஜெட் வேறாக இருக்கலாம். பம்புக்கு வந்ததை மீசெட்டில் மாட்டினால் கவர்னர் கம்பியின் ஓட்டையோ சோக் பிடியோ மாறி நிற்கலாம். பழையதைக் கையில் கொண்டுபோய் அருகருகே வைத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம், புதுக் கார்புரேட்டர் டாங்கைக் கழுவித் தராது. எங்கள் தெருவில் இட்லிக் கடை நடத்தும் சின்னம்மா ஒரே மழைக்காலத்தில் இரண்டு புதிது மாற்றினார்கள். இரண்டு முறையும் மாட்டிக் கொடுத்த இடத்தில் டாங்க் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை என்னிடம் வந்தபோது டாங்க் அடியில் ஒரு கைப்பிடித் துரு. டாங்கைக் கழுவி, வால்வுக்கு மேலிருக்கும் சல்லடையைச் சுத்தம் செய்து, அவர்கள் தூக்கிப் போடாமல் வைத்திருந்த பழைய கார்புரேட்டரையே கழுவி மாட்டினேன். அது இன்றும் ஓடுகிறது. அந்த இரண்டு தடவையும் போன காசு ஒரு விதவைத் தாயின் காசு என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அதற்காக மாற்றவே கூடாது என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் தங்கி உள்வழிகளில் வெள்ளைப் பொடி பூத்து உலோகம் அரித்திருந்தாலும், திராட்டில் தண்டு ஆடினாலும், முன்பு யாரோ ஜெட்டைத் துளைத்து வைத்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஊசி மாற்றியும் பெட்ரோல் வழிந்தால் அது வந்து உட்காரும் இருக்கை தேய்ந்திருக்கும். பல கார்புரேட்டர்களில் அந்த இருக்கை உடலோடு சேர்ந்தது, தனியாகக் கிடைக்காது. அப்போது இன்ஜின் ஆயிலையும் முகர்ந்து பாருங்கள். வழிந்த பெட்ரோல் ஆயிலில் கலந்திருந்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டவே கூடாது. தோளில் மாட்டிப் புல் வெட்டும் மெஷின் கதை தனி. அதில் மிதவை கிடையாது, மெல்லிய சவ்வுதான். சவ்வு விறைத்துப்போனால் எவ்வளவு கழுவியும் பயனில்லை. சவ்வு கிட் போடுங்கள்.

எந்த வழியில் சரிசெய்தாலும் மீசெட்டை வீட்டுக்குள் வைத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். அதன் புகையில் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. வரிசை வீடுகளின் பின்கட்டில் அது தேங்கினால் தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் வால்வை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். கிண்ணத்தில் பெட்ரோல் இல்லாவிட்டால் பசை படிவது குறையும்.

எங்கள் கோவில் மீசெட்டுக்கு மட்டும் இரண்டு வழியையும் சேர்த்தே வைத்திருக்கிறோம். தீமிதி அன்று இரவு விளக்கும் ஒலிபெருக்கியும் அணையக் கூடாது. ஓடுவது கழுவிய பழைய கார்புரேட்டர். புதிது ஒன்றை வாங்கி, மாட்டி, முழுப் பாரத்தில் ஓட்டிப் பார்த்து, வடித்துக் காயவைத்து, துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாயிற்று. பக்கத்தில் அந்த 10 எம்எம் ஸ்பேனரும்.