படத்துக்குள்ளா, பக்கத்திலா? படவிவரம் எழுத மூன்று இடங்கள்

தேயிலைத் தோட்டத்துப் பழைய படங்களை ஸ்கேன் செய்து முடித்தால் பாதி வேலைதான் முடிந்தது. படத்தில் நிற்பவர் யார், எந்தப் பிரிவு, எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு), எந்த ஆண்டு என்பதையும் எங்காவது எழுத வேண்டும். அதற்கு மூன்று இடங்கள் உண்டு. படக் கோப்புக்குள்ளேயே பதிக்கலாம். லைட்ரூம், டிஜிகேம் போன்ற பட நிர்வாக மென்பொருள்களின் கேட்டலாக்கில், அதாவது அவற்றின் சொந்தத் தரவுத்தளத்தில், விடலாம். அல்லது படத்துக்குப் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சிறிய எழுத்துக் கோப்பாக வைக்கலாம். கடைசியானதைத்தான் சைட்கார் என்கிறார்கள்.

கேட்டலாக்கை மட்டும் நம்புவதை முதலிலேயே தள்ளிவிடலாம். தேடும் வேகத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மென்பொருளை நிறுத்தினால் விவரமும் அதோடு போகும். 2016இல் கூகுள் தன் பட மென்பொருளான பிகாசாவைக் கைவிட்டபோது இதுதான் நடந்தது. முகங்களுக்குச் சூட்டிய பெயர்கள் பலருக்கு மறைவான ஐஎன்ஐ கோப்பிலும் தரவுத்தளத்திலும் கிடந்தன. படங்களை மட்டும் காப்பி செய்தவர்களுக்குப் பெயர்கள் வந்து சேரவில்லை.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐயில், 24 பிட் வண்ணத்தில், சுருக்காத டிஃப் (TIFF) கோப்பாக ஸ்கேன் செய்தால் ஒன்று ஏறக்குறைய 26 எம்பி வரும். ஆயிரம் படங்களுக்கு 26 ஜிபி. விவரத்தை உள்ளே பதித்தால், ஒரு பெயரைத் திருத்தினாலும் முழுக் கோப்பும் மாறியதாகவே கணக்காகும். சில கிளவுட் சேவைகள் முழுதையும் திரும்ப ஏற்றும். மலைச்சரிவில் ஒரு கோடு சிக்னலை வைத்துக்கொண்டு, டேட்டா பேக்கேஜ் போட்டு இதைச் செய்து பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சைட்கார் ஒன்று 5 கேபி அளவுதான். ஆயிரம் சேர்ந்தாலும் 5 எம்பி, ஜிப் செய்தால் இன்னும் குறையும். எழுதும்போது கரண்ட் போனாலும் கெடக்கூடியது அந்தச் சின்னக் கோப்புத்தான். ஸ்கேனைத் தொடவே இல்லை.

இலங்கை மலையகத்துக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. தோட்டத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பாதிக் குடும்பம் தமிழ்நாட்டின் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போய்விட்டது. படத்தில் நிற்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர்கள் பலர் அங்கேதான். ஸ்கேன்களை ஒருமுறை ஹார்ட் டிஸ்க்கில் கொடுத்துவிட்டால் போதும். பிறகு சைட்கார்களை மட்டும் ஜிப் ஆக அனுப்பி வாங்கலாம். வந்ததை அதே போல்டரில் போட்டு, டிஜிகேமில் படங்களைத் தெரிவு செய்து, கோப்பிலிருந்து மெட்டாடேட்டாவை (படவிவரத்தை) மீண்டும் படிக்கச் சொல்ல வேண்டும். ஒரே போல்டரில் இரு பக்கமும் ஒரே நேரத்தில் எழுதினால் பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடும். ஆகவே போல்டர் வாரியாக முறை வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு உள்ளே பதிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. படத்துக்குள் விவரம் பதிக்கும் பழைய ஐபிடிசி முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு (தேடுவதற்கான சொல்லுக்கு) 64 பைட்தான் இடம். யூனிகோடை எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும், புள்ளிக்கும் கொம்புக்கும்கூட, 3 பைட் போகும். ‘தேயிலைத் தோட்டத் தொழிலாளர்’ என்பது 74 பைட். 64இல் வெட்டினால் ‘தேயிலைத் தோட்டத் தொழில’ என்பதோடு ஒரு உடைந்த எழுத்தும் மிஞ்சும். எக்ஸ்எம்பிக்கு இந்த வரம்பு கிடையாது. கேமரா தானே பதியும் எக்ஸிஃப் பகுதியில் படம் எடுத்த நேரத்தை முழுத் தேதியாகத்தான் எழுத வேண்டும். எக்ஸ்எம்பியில் ‘1964’ என்று ஆண்டை மட்டும் போட்டு நிறுத்தலாம், நாளையும் மாதத்தையும் கற்பனை செய்ய வேண்டாம்.

சைட்கார் வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் பிழை திருத்துவதும் எளிது. ‘கொழுந்து’ என்பதில் ‘ொ’வைச் சில கீபோர்டுகள் ஒரே குறியாகவும், சில ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடலில் இரண்டு குறிச்சொல்லாக நிற்கும். எடிட்டரில் போல்டர் முழுவதற்கும் ஒரே தடவையில் மாற்றிவிடலாம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் எழுதிய குறிப்புகளையும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்டுங்கள்.

சைட்கார் சறுக்கும் இடம் கோப்புப் பெயர். டார்க்டேபிள் என்ற படத்திருத்த மென்பொருளும் டிஜிகேமும் படத்தின் முழுப் பெயருக்கும் நீட்சிக்கும் (.jpg போன்ற கடைசிப் பகுதிக்கும்) பின்னால் எக்ஸ்எம்பி சேர்க்கின்றன. லைட்ரூம் நீட்சியை எடுத்துவிட்டு எக்ஸ்எம்பி போடுகிறது. அதனால் ஒன்று எழுதியது மற்றதன் கண்ணில் படாமல் போகலாம். லைட்ரூமோடு பகிர்வதானால் டிஜிகேமில் வணிக மென்பொருள்களுக்கு ஒத்த பெயர் என்ற தெரிவைப் போடுங்கள். ஆனால் ஒரே பெயரில் ரோ (கேமராவின் மூலக் கோப்பு), ஜேபெக் இரண்டும் இருந்தால் அந்த முறையில் இரண்டுக்கும் ஒரே சைட்கார்தான், மோதிக்கொள்ளும். லைட்ரூம் ஜேபெக்குக்கும் டிஃபுக்கும் சைட்கார் எழுதுவதே இல்லை, உள்ளேதான் பதிக்கும். எந்த மென்பொருளானாலும் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் படத்தின் பெயரை மாற்றினால் சைட்கார் அனாதையாகும். பெயர் மாற்றுவதும் இடம் மாற்றுவதும் மென்பொருளுக்குள்ளேயே நடக்கட்டும்.

ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு இடம் பெயர்பவை குறிச்சொல், நட்சத்திரம், தலைப்பு, ஜிபிஎஸ் ஆகியவைதான். டார்க்டேபிளில் செய்த வண்ணத் திருத்தம் சைட்காரில் இருந்தாலும் லைட்ரூமுக்கு அது புரியாது.

எங்கள் தேர்வு இது: மூலப் பிரதிக்கு சைட்கார், வெளியே போகும் ஜேபெக்குக்கு உள்ளே பதிப்பு. டிஜிகேமின் மெட்டாடேட்டா அமைப்பில் சைட்கார் பகுதிக்குப் போய், வாசிப்பதை இயக்கி, எழுதுவதை ‘சைட்காரில் மட்டும்’ என்று வையுங்கள். உறவினருக்கு அனுப்பும் பிரதியில் எக்ஸிஃப்டூல் என்ற கருவி கொண்டு சைட்காரிலிருந்து விவரத்தைப் பதியுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் பதித்ததெல்லாம் உதிர்ந்துவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் நிற்கும்.